ஃபயர் பிரிக் சூட்டைத் தடுக்குமா? (மேப்பிள் பாணி காய்ச்சும் அடுப்பு)

பனங்கொட்டை:
பீப்பாய் அடுப்பில் மேப்பிள் மரச் சாற்றைப் பாணியாக (சிரப்) காய்ச்சுகிறவர்களுக்கு இங்கே ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறார்: உள்ளே ஃபயர் பிரிக் (நெருப்பைத் தாங்கும் செங்கல்) அடுக்கினால் போதுமாம், சூடு வெளியே போகாதாம். வாசித்ததும் எரிச்சல்தான் வந்தது. பாரமான ஃபயர் பிரிக் நெருப்பைத் தாங்கும், சூட்டைத் தடுக்காது. தொடக்கத்தில் போடும் விறகெல்லாம் கல்லைச் சூடாக்கத்தான் போகும். தகரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஓரங்குலச் செராமிக் கம்பளி (சூட்டைத் தடுக்கும் பஞ்சு போன்ற விரிப்பு) இல்லாவிட்டால் நீங்கள் கொட்டிலைத்தான் சூடாக்குகிறீர்கள்.

கறுத்தக்கொழும்பான்:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். கனடாவில் கியூபெக்கிலும் அமெரிக்காவில் வெர்மாண்டிலும் பழைய ஆட்கள் கல் அடுக்கித்தான் காய்ச்சினார்கள். அவர்களுக்குத் தெரியாதது தம்பிக்குத் தெரிந்துவிட்டது. கல் ஒருமுறை சூடேறினால் விடாது.

பனங்கொட்டை:
விடாது என்பதுதானே பிரச்சினை! தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை செல்சியஸ் கூடியதும் பாணி பதம். அந்த நேரத்தில் விறகை நிறுத்தினாலும் கல், சாறு காய்ச்சும் தட்டத்தைச் சுட்டுக்கொண்டே இருக்கும். சாறு வற்றினால் தட்டம் கருகிவிடும்.

கறுத்தக்கொழும்பான்:
என் தட்டம் கருகவில்லை. கல் சூட்டைத் தடுக்கும்.

வடலி:
எந்தக் கல் என்று இரண்டு பேரும் சொல்லவே இல்லை. பாரமில்லாத, துளைத்துளையான கல்லும் விற்கிறார்கள், அது நன்றாகவே தடுக்கும். அதை விடுங்கள். சாற்றில் இனிப்பு 2 வீதம் என்றால் 40 லீட்டர் காய்ச்சி 1 லீட்டர் பாணி எடுக்கிறோம். மிச்சம் 39 லீட்டரும் ஆவியாக வேண்டும். காய்ந்த விறகை மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்து, அடிக்கம்பிகளுக்குக் கீழே காற்று விடுங்கள். சாற்றைப் பச்சைத் தண்ணீராக ஊற்றிக் கொதியை அடக்காதீர்கள், புகைக்குழாய்ப் பக்கம் வைத்துச் சூடாக்கி ஊற்றுங்கள்.

கறுத்தக்கொழும்பான்:
கல்லைக் கேட்டால் விறகைச் சொல்கிறார்! சரி, அந்தக் கம்பளித் தூசு நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று தம்பி சொல்லவில்லையே? ஊரில் கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி எடுத்தவர்கள் அடுப்புக்குக் கம்பளியா போர்த்தினார்கள்? நான் ஆள் வைத்துக் காய்ச்சுவதில்லை, கை சுட்டுப் படித்தவன். கல் சூட்டைத் தடுக்கும். நாளைக்கும் இதைத்தான் சொல்வேன்.

பனங்கொட்டை:
கருப்பணியில் இனிப்பு 10 வீதத்துக்கு மேல், அண்ணை. மேப்பிளில் 2. அங்கே மண் அடுப்பு, இங்கே மார்ச் பனிக்குள் வெறும் தகரம். தூசுக்கு முகமூடி போட்டு வெட்டி, மேலே கல்லை வைத்து மூடலாம். அப்போதும் கல் நெருப்படி படாமல் கம்பளியைக் காக்கத்தான், சூட்டைத் தடுக்க அல்ல.

சும்மாவந்தவன்:
பழைய எண்ணெய்ப் பீப்பாய் பாவிக்கலாமா?

கறுத்தக்கொழும்பான்:
பார்த்தீர்களா, "கல்லை வைத்து" என்று அவரே எழுதிவிட்டார்! போன வருசம் நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போடு என்றபோதும் சிரித்தது இதே ஆள்தான். பிறகு யார் போட்டது?

பனங்கொட்டை:
வெண்ணெய்க்கு நான் சிரிக்கவில்லை. வெண்ணெய் போட்ட பாணியை வீகன் (பால், இறைச்சி எதுவும் சேராதது) என்று சொல்லி விற்றீர்களே, அதற்குத்தான் சிரித்தேன்.

கறுத்தக்கொழும்பான்:
யாருக்கு விற்றேன்? இங்கேயே எழுது. எழுதாமல் போகக்கூடாது.

சும்மாவந்தவன்:
பீப்பாய்?

வடலி:
பாவிக்கலாம். முதலில் வெளியில் வைத்து எரித்து உள்ளே இருக்கும் பெயின்றைப் போக்குங்கள். நாகம் (துத்தநாகம்) பூசியதை மட்டும் தொடாதீர்கள், சூட்டில் நச்சுப்புகை வரும்.

கறுத்தக்கொழும்பான்:
அதற்குள்ளே கல் அடுக்குங்கள், தம்பி. சூட்டைத் தடுக்கும்.