மழை லீவில் ஆன்லைன் வகுப்பு: பிள்ளைகள் பேசிக்கொள்ள வழி உண்டா?

வேளச்சேரியில் இருக்கிறோம். மழையால் பள்ளியை மூடிவிட்டு வீட்டிலிருந்தே வகுப்பு. மகள் இரண்டாம் வகுப்பு. எல்லோரையும் மியூட்டில் போட்டுவிடுவதால் பக்கத்து பெஞ்ச் தோழியிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல், திரையில் கையை மட்டும் ஆட்டிவிட்டு உம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில் 1:
நான் ஆசிரியைங்க. வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் மைக்கைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். நான் நாலு நாலு பேராகக் கூப்பிட்டு, வீட்டுப் பொருள் ஒன்றைக் காட்டிப் பேசச் சொல்வேன். ஒரு பையன் தோசைக்கரண்டியைக் காட்டினான், அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான்!

பதில் 2:
கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தது. அப்போது என் மகனும் அவன் நண்பனும் வாட்ஸ்அப் வீடியோ காலைப் போட்டுவைத்து ஆளுக்கொரு படம் வரைவார்கள், அப்புறம் தானாகப் பேச்சு வரும். நாம் நடுவில் புகுந்து கேள்வி கேட்கக்கூடாது.

பதில் 3:
எல்லா வீட்டிலும் தனி போன் இருக்காதுங்க, அப்பா வேலைக்குக் கிளம்பினால் போனும் கூடவே போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்குக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், ராத்திரி கேட்டுவிட்டுப் பதில் பேசுவார்கள். தயவுசெய்து அவர்களை விட்டுவிடாதீர்கள்.