டாக்டர் 'அன்ஸ்டெடி கெய்ட்' (நிலையற்ற நடை) என்று எழுதினால் ஆர்26.0 (அட்டாக்ஸிக், அதாவது ஒருங்கிணைப்பு இல்லாத நடைக்கான கோட்) போடக் கூடாதா? ஒரே சார்ட்டில் 3 எர்ரர்

முன்னாள் பிசியோ:
வணக்கம். ஆறு வருஷம் பிசியோதெரபி பார்த்துவிட்டு மெடிக்கல் கோடிங்குக்கு, அதாவது டாக்டர் நோட்டில் எழுதியதைக் கோடாக மாற்றும் வேலைக்கு, வந்தவள். ஏழு மாதம் ஆகிறது. ஐசிடி-10-சிஎம் (அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பு), நியூராலஜி அவுட்பேஷண்ட். நேற்று ஆடிட்டில் ஒரே சார்ட்டுக்கு 3 எர்ரர். ஒன்றைக்கூட மனசு ஏற்கவில்லை, அதான் இங்கே கொட்டுகிறேன்.

நோட்டில் இருந்தது: 70 தாண்டிய பெண்மணி, டைப் 2 சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் எடுக்கிறார். போன மாதம் மட்டும் மூன்று முறை விழுந்திருக்கிறார். கால்களை அகட்டி வைத்து நடக்கிறார். ராம்பெர்க் பாசிட்டிவ் (கண்ணை மூடி நின்றால் சாய்கிறார்). கால் கட்டைவிரலில் அதிர்வு உணர்வு குறைவு. டிக்ஸ்-ஹால்பைக் (உள்காதுத் தலைசுற்றலுக்கான பரிசோதனை) நெகட்டிவ். டைம்டு அப் அண்ட் கோ (எழுந்து நடந்து திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம்) 19 வினாடி. அசெஸ்மென்ட்டில் டாக்டர் எழுதியது இவ்வளவுதான்: அன்ஸ்டெடி கெய்ட், அடிக்கடி விழுதல், காரணம் பார்க்க வேண்டும், பெரிஃபெரல் நியூரோபதியாக (கை, கால் நரம்புப் பாதிப்பு) இருக்கலாம், நரம்புக் கடத்தல் பரிசோதனைக்குச் சொல்லியிருக்கிறது.

நான் போட்டது ஆர்26.0, இ11.42 (டைப் 2 சர்க்கரை நோயோடு பாலிநியூரோபதி, அதாவது பல நரம்புகளில் பாதிப்பு), இசட்91.81. ஆடிட்டர் மாற்றியது ஆர்26.81, இ11.9 (சிக்கல் இல்லாத டைப் 2 சர்க்கரை நோய்), ஆர்29.6. மெட்ஃபார்மினுக்கான இசட்79.84 மட்டும் தப்பியது.

அகட்டி நடப்பதும், கண்ணை மூடினால் சாய்வதும் அட்டாக்ஸிக் நடை இல்லையென்றால் வேறென்ன? இப்படிப்பட்டவர்களைப் பேரலல் பார் நடுவே பிடித்து நடக்க வைத்த கை இது. நோட்டைப் படிக்கும்போதே அந்த அம்மா எப்படித் திரும்புவார், எந்த இடத்தில் சுவரைத் தொடுவார் என்பதுகூடத் தெரிகிறது.

எட்டு வருஷ கோடர்:
உங்களுக்குத் தெரிகிறது, சரி. டாக்டர் எழுதினாரா?

'அட்டாக்ஸிக்' என்று எழுதினால் ஆர்26.0. 'ஸ்டாகரிங்' (தள்ளாட்டம்) என்றாலும் கோட் புத்தக இண்டெக்ஸ் உங்களை அங்கேதான் கொண்டுபோய் விடும். 'ஸ்பாஸ்டிக்' (விறைப்பான நடை) என்றால் ஆர்26.1. 'அன்ஸ்டெடி' என்றால் ஆர்26.81, அவ்வளவுதான். அகட்டி நடப்பதும் ராம்பெர்க்கும் பரிசோதனையில் கண்டது. அதைவைத்து நோய்க்குப் பெயர் சூட்டுவது டாக்டர் வேலை. பிசியோவாக இருந்து வந்தவர்களும் நர்ஸாக இருந்து வந்தவர்களும் முதல் வருஷம் விழுகிற குழி இது. எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், ஹீமோகுளோபின் ரிசல்ட்டைப் பார்த்தே ரத்தசோகைக்குக் கோட் போட்டுக்கொண்டிருந்தார்!

விழுந்ததற்கு வருவோம். சமீபத்தில் விழுந்திருக்கிறார், ஏன் விழுந்தார் என்று டாக்டர் தேடுகிறார் என்றால் ஆர்29.6. முன்பு எப்போதோ விழுந்தவர், இனியும் விழும் அபாயம் இருக்கிறது என்றால் இசட்91.81. இரண்டுக்கும் ஆதாரம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே போடலாம். உங்கள் நோட்டில் முதலாவதுக்குத்தான் ஆதாரம். இதில் வாதாட இடமில்லை.

ராத்திரி ஷிஃப்ட்:
இ11.42 விஷயத்தில் மேடம் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இண்டெக்ஸில் சர்க்கரை நோய்க்குக் கீழே 'வித்' (உடன்) என்ற சொல்லில் பாலிநியூரோபதி வருகிறது. டாக்டர் இரண்டையும் இணைத்து எழுதாவிட்டாலும் தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதானே விதி?

எட்டு வருஷ கோடர்:
இரண்டு நோயும் இருந்தால்தான் தம்பி, நடுவில் முடிச்சுப் போட முடியும். இங்கே ஒன்று 'இருக்கலாம்' என்ற நிலையில் நிற்கிறது. அவுட்பேஷண்ட்டில் இருக்கலாம், சந்தேகம், ரூல் அவுட் எதற்கும் கோட் கிடையாது. அந்த விசிட்டில் உறுதியாகத் தெரிந்த அறிகுறிக்குத்தான் போட வேண்டும். மருத்துவமனையில் அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் சமயத்திலும் 'இருக்கலாம்' என்றே எழுதியிருந்தால், இருப்பதாக வைத்துக் கோட் போடலாம். இன்பேஷண்ட்டில் பழகிய கை இங்கே தடுமாறுவது அதனால்தான். 'வித்' விதி இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது.

க்வெரி மேசை:
ஆடிட்டர் சொன்னது சரி. ஆனால் உங்கள் கண்ணையும் வீணாக்காதீர்கள். உங்கள் டீமில் க்வெரி (டாக்டரிடம் விளக்கம் கேட்கும் கடிதம்) அனுப்பும் வழி இருந்தால் இந்த நோட் அதற்குத் தகும். "இது அட்டாக்ஸிக் நடைதானே?" என்று மட்டும் கேட்காதீர்கள், பதிலை வாயில் ஊட்டுவது போலாகிவிடும். அகட்டிய நடை, ராம்பெர்க், அதிர்வு உணர்வு, 19 வினாடி, எல்லாவற்றையும் நோட்டில் உள்ளபடி எடுத்து வைத்து, நடையின் வகையைக் குறிப்பிட முடியுமா என்று கேளுங்கள். தேர்வுகள் கொடுத்தால் 'வேறு', 'சொல்ல இயலாது' இரண்டும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நாளை கைகொடுக்கும். அதே நோயாளிக்கு பிசியோ எழுதிய மதிப்பீடு சார்ட்டில் இருக்கும். அதில் 'அட்டாக்ஸிக்' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் அதைவைத்து நோய்க்கான கோட் போட முடியாது. நீங்கள் எழுதிய காலத்திலும் இதே கதைதான் :)

முன்னாள் பிசியோ:
கடைசி வரி சுட்டது. எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்!

சரி, மூன்றையும் ஒப்புக்கொண்டு, டீம் லீடிடம் கேட்டு க்வெரி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில்: "நோட்டில் எழுதியபடியே." அவ்வளவுதான்.

ராத்திரி ஷிஃப்ட்:
அதுவாவது வந்ததே. எனக்கு ஒரு க்வெரி மூன்று வாரமாகத் தூங்குகிறது.

முன்னாள் பிசியோ:
பின்குறிப்பு, ஒரு மாதம் கழித்து. அதே அம்மாவின் அடுத்த விசிட் என் க்யூவுக்கே வந்தது. நரம்புக் கடத்தல் பரிசோதனை முடிந்திருக்கிறது. அசெஸ்மென்ட்டில் தெளிவாக டயபெடிக் பாலிநியூரோபதி, அட்டாக்ஸிக் கெய்ட். இ11.42, ஆர்26.0 இரண்டும் போட்டேன். நரம்பு நோய் உள்ள எல்லோருக்கும் இந்த நடை வருவதில்லை, அதனால் நடைக்குத் தனிக் கோட் நிற்கும் என்று ஆடிட்டரும் விட்டுவிட்டார். வாக்கர் பிடித்து நடக்கிறாராம், இந்த மாதம் ஒருமுறைகூட விழவில்லை. முதல் விசிட்டைத் திறந்து பார்த்தேன். அங்கே இன்னும் ஆர்26.81தான்.