புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் கடை வைஃபை, லாக்-இன் பக்கம் திறந்துவிட்டது

தோட்டத்து வீட்டில் சிக்னல் நிற்பதில்லை, அதனால் டவுன் சாப்பாட்டுக் கடை வைஃபையைத்தான் நம்பியிருக்கிறேன், ஆனால் உபுண்டு மடிக்கணினியில் மட்டும் லாக்-இன் பக்கம் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கைப்பேசியில் உடனே வந்தது.

விபிஎன்-ஐ அணைக்கச் சொன்னீர்கள், டிஎன்எஸ்-ஐ (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) தானியங்கிக்கு மாற்றச் சொன்னீர்கள். இரண்டுமே நல்ல யோசனைதான். பல இடங்களில் அதுவே போதும். இங்கே போதவில்லை.

அப்புறம், லாக்-இன் பக்கத்தை வரவழைக்க, எச்டிடிபிஎஸ் குறியாக்கம் இல்லாத நெவர்எஸ்எஸ்எல் தளத்தைத் திறந்தேன். முகவரிப் பட்டை 172.17.3.1-க்குத் தாவி, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் பிடிபட்டது: என் மடிக்கணினியில் இருக்கும் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்)! அது தன் உள்பாலத்துக்கு (மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் வலையமைப்பு) வழக்கமாக 172.17.0.0/16 வரிசையை, அதாவது 172.17 என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும், எடுத்துக்கொள்ளும். கடையின் லாக்-இன் சர்வரும் அதே வரிசை. எனவே கோரிக்கை வைஃபை பக்கமே போகாமல் மடிக்கணினிக்குள்ளேயே நின்றுவிட்டது. கன்டெய்னர் எதுவும் ஓடாவிட்டாலும் இப்படித்தான்.

அவசரத்துக்கு டாக்கர் சேவையையும் அதன் சாக்கெட்டையும் நிறுத்தி, டாக்கர்0 பாலத்தை நீக்கினால் பக்கம் வந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால், டாக்கரின் டீமன் ஜேசன் (daemon.json) அமைப்புக் கோப்பில் பிஐபி (bip, பாலத்தின் முகவரி) மதிப்பை 10.200.0.1/24 போல மாற்றி, சேவையை மீண்டும் தொடங்குங்கள். கம்போஸ் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவி) பயன்படுத்துபவர்கள் முகவரித் தொகுப்பையும் மாற்ற வேண்டும். கம்போஸ் வலையமைப்புகளுக்கு டாக்கர் 172.18-இலிருந்து மேலே எடுத்துக்கொண்டே போகும்.

பாட்மனை (டாக்கர் போன்ற இன்னொரு மென்பொருள்) ரூட் உரிமையில் ஓட்டுபவர்கள் 10.88.0.0/16-ஐக் கவனியுங்கள்; அதன் வழக்கமான வரிசை அதுதான்.