சீனாவில் கூடைப்பந்து ஊர் ஊராகப் பரவியது எப்படி? நம் பக்கம் நடக்குமா?

கோட்டையூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது. காரைக்குடியில் பள்ளி அணிக்காகக் கூடைப்பந்து ஆடுகிறாள். போன வாரம் ஜாங் ஸியூ என்ற சீனத்துப் பெண் ஆடும் வீடியோவைக் காட்டினாள். 2.20 மீட்டருக்கும் மேல் உயரம்! "அங்கே எல்லாரும் இப்படி உயரமா இருக்கிறதாலதான் ஜெயிக்கிறாங்களாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன். விடுதிப் பக்கத்துத் திடலில் சீனாவிலிருந்து வந்த தொழிலாளிகள் ஞாயிறு சாயங்காலம் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடுவார்கள். பாதிப் பேர் என்னைவிடக் குள்ளம். வாரம் முழுக்கக் கம்பி கட்டிய கையோடு இவ்வளவு ஆசையாக ஆடுகிறார்களே என்று அப்போதே தோன்றும்.

எங்கள் ஊரில் பள்ளி விட்டால் பந்தைத் தொட இடமில்லை. திடல் கேட்டுப் போன இடத்தில், "கபடியும் கிரிக்கெட்டும் போதாதா?" என்று அனுப்பிவிட்டார்கள். மனசு ஆறவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை பி.டி. வாத்தியார்:
தம்பி, உயரம் மட்டும் காரணமில்லை என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் இந்த ஆட்டம் பிறந்தது 1891-இல். நாலே வருடத்தில், 1895-இல், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் மூலமாகத் சீனாவின் தியான்ஜின் நகருக்கு வந்துவிட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலேயே சீன அணி ஆடியது. யாவ் மிங் என்ற பெரிய சீன ஆட்டக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வேர் பிடித்த ஆட்டம் இது.

யாவ் மிங்கின் அப்பா, அம்மா இருவரும் கூடைப்பந்து ஆடியவர்கள். 2002-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக ஹூஸ்டன் அணி அவரை எடுத்தது. அதற்கு முந்தைய வருடமே வாங் ஜிஜி என்ற இன்னொரு சீனர் அங்கே ஆடியிருந்தாலும், சீனாவில் வீடு வீடாக என்.பி.ஏ.வைக் கொண்டுபோனவர் யாவ்தான்.

இருந்தாலும் எனக்குப் பிடித்தது வேறு கதை. குய்ஜோ மாகாணத்து மலைக்குள் தாய்பான் என்று மியாவ் என்ற சிறுபான்மை இன மக்களின் கிராமம் ஒன்று. புது அரிசி உண்ணும் திருவிழா சமயத்தில் ஊர்களுக்குள் கூடைப்பந்துப் போட்டி வைப்பார்கள். 2022-இல் அந்தப் போட்டியின் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. போட்டியை நடத்தியது ஊர்க்காரர்களே, நுழைவுச் சீட்டும் கிடையாது. படிக்கட்டு நிரம்பியதும் ஏணியில் ஏறி நின்று பார்த்தார்கள். இடைவேளையில் வெள்ளி நகை போட்ட பெண்களின் ஆட்டம். ஜெயித்த அணிக்குப் பரிசு ஒரு மாடு! ஆடு, வாத்துகூடப் பரிசுப் பட்டியலில் உண்டு. நம் பக்கத்துக் கபடியில் கிடா பரிசு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன், தம்பி.

பள்ளத்தூர் அக்கா:
நானும் கல்லூரிவரை ஆடியவள். அண்ணே, சீனாவுக்கு ஒலிம்பிக் கூடைப்பந்துப் பதக்கம் வாங்கித் தந்தவர்கள் பெண்கள்தான். ஒலிம்பிக்கில் 1984-இல் வெண்கலம், 1992-இல் வெள்ளி. இரண்டிலும் ஜெங் ஹைசியா என்ற வீராங்கனை ஆடினார். 2022 உலகக் கோப்பையிலும் வெள்ளி. ஆண்கள் அணி இன்னும் ஒரு ஒலிம்பிக் பதக்கமும் வாங்கியதில்லை. இதை உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

இடம்தான் பிரச்சினை என்றால் அணிக்கு மூன்று பேர் ஆடும் மூவர் ஆட்டம் இருக்கிறதே. ஒரே வளையம் போதும். திடல் 15 மீட்டருக்கு 11 மீட்டர். 2019-இல் சீனப் பெண்கள் அதில் உலகக் கோப்பையே ஜெயித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கினார்கள்.

கோட்டையூர்க்காரன்:
வாத்தியார் ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். தாய்பான் வீடியோவைத் தேடி எடுத்து அவளே என் அம்மாவுக்கும் காட்டினாள். மாட்டைப் பார்த்ததும் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

என் மாமனார் ஊரில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று இருக்கிறது. அறுவடை தவிர மற்ற நாளெல்லாம் காலிதான். காலையில் டேப் வைத்து அளந்தேன். 18 மீட்டருக்கு 12 மீட்டர் வருகிறது. ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்துவிட்டார்கள், நெல் வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. வளையம் செய்ய வெல்டிங் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம்தானே, ஐயா? பலகைக்கு எவ்வளவு கனத்தில் மரம் போடலாம் என்று சொன்னால் இந்த வாரமே வாங்கிவிடுவேன்.