மறுமொழி: வெள்ள நிவாரணம் – தறப்பாள்களை முகாமில் ஒப்படைப்பது பற்றி

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நாம் வாங்கும் தறப்பாள்களை (தார்ப்பாய்களை) படை முகாமில் ஒப்படைத்து, படையினரே பங்கிடட்டும் என்ற யோசனை பற்றி மூன்று நாள்களாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். இந்தக் கிழமை எனக்கு இரவு வேலை, அதனால்தான் பதில் பிந்தியது.

துஷி, உன் அவசரம் எனக்கு விளங்குகிறது. டித்வா புயல் கரையைக் கடந்த மறுநாளே நீ பணம் சேர்க்கத் தொடங்கினாய். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தை வெள்ளம் மூடிக்கிடந்தபோது படகும் உழவு இயந்திரமும் வைத்திருந்தவர்கள் படையினர் மட்டுமே என்று நீ எழுதியது சரி. கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவருக்கு வருகிற படகு யாருடையது என்று பார்க்க நேரமிருக்காது. சாலை என்ற ஊரில், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி அகலமாக்கப் போன ஐந்து கடற்படையினர் அந்த நீரிலேயே உயிர் விட்டார்கள். அந்தத் தண்ணீர் கடலுக்குள் இறங்காவிட்டால் எத்தனை வீடுகள் மூழ்கியிருக்கும் என்பது நம் ஊரவருக்குத் தெரியும். அவர்களையும் ஒரு தாய்தான் பெற்றாள். நேற்று விளக்கேற்றும்போது அவர்களையும் நினைத்துக்கொண்டேன். பரமேஸ் மாமா, இதற்காக நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஆனாலும் நாம் வாங்கும் பொருள்களை முகாமில் கொடுத்து, அவர்கள் பங்கிடட்டும் என்ற யோசனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். காரணம் பலருக்குத் தெரியும். தெரியாத இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

சித்தி போன கிழமை ஊருக்குப் போய்வந்தார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, சீனி, அங்கர் பால்மா எல்லாம் நல்ல பொருள்கள்தாம். பொதியை வாங்கியவர்களிடம் சீருடையில் வந்த ஒருவர் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து விவரம் கேட்டிருக்கிறார். வீட்டில் எத்தனை பேர், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், எந்த நாடு, அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன. எதற்கு என்று சித்தி கேட்டதற்கு, "சும்மா பதிவுக்கு" என்று பதில் வந்ததாம். தலைவிரிச்சான் பூவரசடி வீட்டு அக்கா பொதியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று பிள்ளைகளுடன் இருப்பவர். அன்று இரவு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சித்திக்கும் தெரியவில்லை.

அந்த அக்காவைப் பிடிவாதக்காரி என்று இந்த மடற்குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். 2009 மே மாதம், போரின் கடைசி நாள்களில், அவரும் என் அம்மாவும் ஒன்றாகத்தான் வட்டுவாகலைக் கடந்தார்கள். அந்தக் கரையில் தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் கிடைத்தன. அம்மா இன்றும் அதை மறைக்காமல் சொல்வார்: "அந்தத் தண்ணீர் இல்லையென்றால் உன் தங்கச்சி பிழைத்திருக்க மாட்டாள்." அடுத்த சில மணி நேரத்தில் படையினர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஒரு நாள் புலிகள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், பதிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று. என் அண்ணா போய் வரிசையில் நின்றார். அந்த அக்காவின் கணவர் அவருக்குப் பின்னால் நின்றார். இருவரையும் அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அம்மா மணிக்பாம் அகதி முகாமிலிருந்து வெளியே வந்த நாள் முதல் இன்றுவரை எத்தனை ஆணைக்குழுக்களுக்கு மனுக் கொடுத்தார் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். 2017 இல் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அம்மாவும் பஸ் பிடித்துப் போய் அவர்களோடு இருந்தார்.

பதிவு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று இப்போது விளங்குகிறதா, துஷி?

அடுத்தது ரவி அண்ணாவின் மடல். ஒவ்வொரு பயனாளியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம், பொருளோடு நிற்கும் படம் ஆகியவை வந்து சேர்ந்தால்தான் அடுத்த தவணைப் பணத்தை விடுவிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, 2005 இல் சுனாமிப் பணத்துக்கு நடந்ததை மனத்தில் வைத்து எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வலை வாங்கக் கொடுத்த காசு எங்கே போனது என்று இருபது வருடமாகக் கேட்கிறீர்கள். அதற்கு அப்பாவின் சிவப்புக் கொப்பியில் பதில் இருக்கிறது, அதைப் பார்க்க நீங்கள் ஒருநாளும் வரவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம். நீங்கள் கேட்கும் பட்டியலும் பள்ளிக்கூடத்தில் எழுதிய பட்டியலும் ஒன்றேதான். நம் கணக்குக்காக எழுதப்படும் தாள் யார் கைக்குப் போகும் என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. ஒரு தறப்பாளுக்காக அந்த அக்காவை இன்னொரு முறை வரிசையில் நிறுத்தி இலக்கம் எழுத நான் உடன்பட மாட்டேன்.

சுனாமியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மீள்கட்டமைப்புப் பணத்தைச் சேர்ந்து நிர்வகிக்கப் பொதுக் கட்டமைப்பு என்று ஒன்றை 2005 ஜூன் 24 அன்று அரசும் புலிகளும் கையெழுத்திட்டு உருவாக்கினார்கள். சரியாக மூன்று கிழமையில், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) போட்ட வழக்கில் ஜூலை 15 அன்று உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கிளிநொச்சியில் அலுவலகம் இருக்கக்கூடாது, பிராந்திய நிதி இயங்கக்கூடாது என்று. அப்போது நம் கரையில் ஆட்கள் இன்னும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். அந்தக் கட்சிதான் இன்று ஆட்சியை நடத்துகிறது. மாறிவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறீர்கள். அப்படியே ஆகட்டும். மாறியிருந்தால், நிவாரணத்தைப் பிரதேச செயலகமும் கிராம அலுவலரும் கொடுக்கட்டும், படையினர் தூக்கிச் சுமந்து உதவட்டும். வட்டுவாகலில் கடற்படை முகாமுக்குள் நம் சனங்களின் காணி நிறையக் கிடக்கிறது. அந்தக் காணிக்காரர்களே அதே முகாம் வாசலில் நிவாரணத்துக்குக் கை நீட்ட வேண்டும் என்றால், அதைவிட அவமானம் என்ன இருக்கிறது?

பரமேஸ் மாமா, மானம் போகும் என்று நீங்கள் சொன்னது இதைத்தான் என்றால் நான் உங்கள் பக்கம். ஆனால் அதற்காக நம் ஊர்ச் சங்கத்தின் பெயரை எழுதிய பெரிய பதாகை கட்டி, அதன் கீழே சனங்களை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்கிறீர்கள். அது வேண்டாம் மாமா. நனைந்த உடுப்போடு நிற்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். உங்கள் லொறியை எத்தனை முறை ஊருக்காகக் கொடுத்தீர்கள், எப்போதாவது அதில் பெயர் எழுதினீர்களா?

நந்திக்கடல் முகத்துவாரத்தை வெட்டும் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள், இறால் பிடிப்பவர்கள் இன்னும் பொறுக்கச் சொல்வார்கள். இரண்டு பகுதியும் கோவிலடியில் இருந்து பேசி முடிவெடுத்து, மண்வெட்டியோடு ஒன்றாகப் போவார்கள். சிறுபிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடுவோம். சின்ன வாய்க்காலாக வெட்டிவிட்டால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். எந்த அதிகாரியும் வந்து சொல்லி அந்த வேலை நடக்கவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரிந்த சனங்கள் அவர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். தறப்பாளைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வாங்குவோம், பணம் நம் பகுதிக் கடைகளுக்குப் போகட்டும். யாருக்கு முதலில் என்பதை மாதர் சங்கத்தாரும் கிராம அலுவலரும் தீர்மானிக்கட்டும். சனசமூக நிலையத்தில் வைத்துக் கொடுப்போம். பாதை இல்லாத இடத்துக்குப் படையினரின் உழவு இயந்திரம்தான் போகும் என்றால் போகட்டும், அதில் கிராம அலுவலரும் நம் ஆள் ஒருவரும் ஏறிப் போக வேண்டும், கொடுப்பது அவர்கள் கையால் இருக்க வேண்டும். கணக்குக்குக் கடைப் பற்றுச்சீட்டும், இத்தனை பொருள் கிடைத்தது என்று கிராம அலுவலர் போடும் ஒரு கையொப்பமும் போதும். பெயர் வேண்டாம், இலக்கம் வேண்டாம், வெளிநாட்டு உறவுகளின் விவரம் வேண்டவே வேண்டாம்.

ரவி அண்ணா, இந்தக் கணக்கு முறை உங்களுக்குப் போதவில்லை என்றால் என் பங்கை நான் தனியாகச் சித்திக்கு அனுப்பிவிடுகிறேன். அப்படிப் பிரிந்து போக எனக்கு விருப்பமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள். சித்தி அடுத்த புதன்கிழமை மறுபடியும் ஊருக்குப் போகிறார், முதலில் பூவரசடி வீட்டுக்குத்தான் போவார்.

அன்புடன்,
சாந்தி (தபாற்கந்தோரடி)