டிஸ்பாட்சருக்கு ‘ஒப்படைப்பி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டில் தொடுகை, விசையழுத்தம் முதலிய உள்ளீட்டு நிகழ்வுகளைக் கையாளும் ‘இன்புட் டிஸ்பாட்சர்’ என்ற பகுதிக்கு ‘வழங்கி’, ‘அனுப்பி’, ‘பகிர்வி’ ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ‘வழங்கி’ சர்வருக்கு நிலைத்துவிட்டதால் அதை விட்டுவிடலாம். நுண்செயலிக்கும் கைப்பேசிச் செயலிக்கும் ‘செயலி’யையே பொதுவில் வைத்துக்கொண்டு நாம் படும் பாடு போதும். மற்ற இரண்டையும் எடைபோட, அந்தப் பகுதி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

விரல் திரையில் பட்டதும் தொடுதிரையின் இயக்கி (டிரைவர்) தரும் எண்களை, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல் ஒரு சாதனக் கோப்பின் வழியே வெளியிடுகிறது. அவற்றை எடுத்து, எந்த விரல், எந்த இடம், பட்டதா, நகர்ந்ததா, எடுக்கப்பட்டதா என்று பொருள்படுத்துவது ‘இன்புட் ரீடர்’. இதற்கு ‘உள்ளீட்டு வாசிப்பி’ போதும் என்றே கருதுகிறேன். அதன் பிறகுதான் டிஸ்பாட்சரின் வேலை தொடங்குகிறது. விசையழுத்தம் என்றால் குவியம் (ஃபோகஸ்) பெற்றிருக்கும் சாளரத்தையும், தொடுகை என்றால் அந்தப் புள்ளியில் தொடுகையை ஏற்கக்கூடிய மேலடுக்குச் சாளரத்தையும் அது தேர்ந்தெடுத்து, அச்சாளரத்துக்கென்றே திறந்து வைத்திருக்கும் சாக்கெட் இணை (இரு நிரல்களுக்கு இடையிலான தரவு வழி) வழியே நிகழ்வைச் செலுத்துகிறது.

செலுத்தியதோடு அதன் பொறுப்பு முடிவதில்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. செயலி அந்த எண்ணைக் குறிப்பிட்டு, முடித்துவிட்டேன் என்றும், நிகழ்வைத் தான் பயன்படுத்தியதா இல்லையா என்றும் திருப்பித் தெரிவிக்கும்வரை டிஸ்பாட்சர் அந்த நிகழ்வைக் காத்திருப்பு வரிசையில் வைத்திருக்கிறது. வழக்கமாக 5 நொடிகளுக்குள் பதில் வராவிட்டால், செயலி பதிலளிக்கவில்லை என்று அறிவித்து, மூடவா, காத்திருக்கவா என்று கேட்கும் பெட்டி திரையில் தோன்றுவதற்கு இந்தக் கணக்கே காரணம். ஒப்புகை அட்டை இணைத்த பதிவுத் தபாலைப் போன்றது இது. ‘அனுப்பி’ என்ற சொல்லோ பெட்டியில் போட்டதோடு கைகழுவிவிடுகிறது.

‘பகிர்வி’யில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பகிர்தல் என்றால் ஒன்றைப் பலருக்குப் பங்கிடுவது. இங்கே, விரல் முதலில் எந்தச் சாளரத்தில் பட்டதோ, அந்த விரலின் அடுத்தடுத்த நகர்வுகளும் பொதுவாக அதே சாளரத்துக்கே போகின்றன. விரல் அதன் எல்லையைத் தாண்டிப் போனாலும் அப்படித்தான். இரண்டு விரல்கள் இரண்டு சாளரங்களுக்குப் பிரிந்து போவதும் உண்டு என்றாலும், அதை வைத்து மொத்த வேலையையும் பங்கீடு என்று சொல்லிவிட முடியாது.

எனவே ‘ஒப்படைப்பி’ என்பதை முன்மொழிகிறேன். ஒப்படைத்தல் என்ற வினையில், உரியவர் கையில் சேர்த்து அதற்குச் சாட்சியும் பெறும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. செயலியிலிருந்து திரும்பி வருவதை ‘ஒப்புகை’ என்றும், காத்திருப்பு வரிசையை ‘ஒப்புகை வரிசை’ என்றும் சொல்லிவிடலாம். ‘சேர்ப்பி’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். சுருக்கமான சொல்தான், ஆனால் கூட்டுவது, ஒட்டுவது என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது. ‘ஒப்படைப்பான்’ என்று ஆண்பால் ஈறு தருவதில் எனக்கு விருப்பமில்லை. உலாவி, திரட்டி போன்றவற்றின் வழியிலேயே இதுவும் போகட்டும்.

இதையொட்டி இன்னொரு சொல்லையும் தீர்மானிக்க வேண்டும். உருளும் பட்டியலில் உள்ள ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்ததும் பொத்தான் நிறம் மாறுகிறது. விரல் ஏறத்தாழ 8 டிபி (திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத நீள அலகு) அளவுக்கு மேல் நகர்ந்தவுடன், இது உருட்டல் என்று முடிவுசெய்யும் பட்டியல் இடைமறித்துத் தொடுகையைத் தன்வசமாக்கிக்கொள்கிறது. அப்போது பொத்தானுக்கு ‘ஆக்‌ஷன் கேன்சல்’ என்ற நிகழ்வு போய்ச் சேர, அது அழுத்தப்பட்டதாகக் கொள்ளாமல் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. இதை ‘ரத்து’ என்றால், உரையாடல் பெட்டிகளில் பயனர் தாமே அழுத்தும் ரத்தோடு குழம்பும். இங்கே பயனர் எதையும் ரத்துசெய்யவில்லை. பொத்தான்தான் அந்தத் தொடுகையிலிருந்து விலக்கப்படுகிறது. ‘விலக்கம்’ என்பது என் பரிந்துரை, இதைவிடக் கூர்மையான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் தடையில்லை.

‘உள்ளீட்டு நிகழ்வு ஒப்படைப்பி’ நீளம் என்ற மறுப்பு எழக்கூடும். நிகழ்வைத் தவிர வேறெதையும் அது ஒப்படைப்பதில்லை என்பதால், ‘உள்ளீட்டு ஒப்படைப்பி’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.