3,000 பேர் ஊரை 40,000 பேர் நகரமாக்க: வரைபடத்தில் முதல் கோடு எது?

ஏரிக்கரை:
ஆந்திராவுல சத்தியவேடு பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். ஸ்ரீசிட்டி தொழில் நகர வேலைக்கு வர்றவங்களை நம்பி சுத்திலும் லேஅவுட் முளைக்குது. அதுக்கு முன்னாடி, 20 வருஷத்துல 40,000 பேருக்கு ஒரே திட்டமா கொடுக்கணும்னு பேச்சு. சாலைகளைக் கட்டம் கட்டமா போட்டுட்டு மத்ததை உள்ளே அடக்குற மாதிரி ஒரு வரைவு வந்திருக்கு. மேற்கே 20 மில்லியன் கன அடி ஏரி, கிழக்கே அதோட ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயுற வயல். சரியா வருமா?

கலங்கல்:
சாலையை முதல்ல போடாதீங்க தம்பி. முதல் கோடு ஏரியோட உபரிக் கால்வாய். கலங்கல்ல, அதாவது ஏரி நிரம்பி வழியுற இடத்துல இருந்து, அது அடுத்த ஏரியில சேர்ற வரைக்கும் அரை மீட்டர் உயரத்துக்கு ஒண்ணா சமமட்டக் கோடு (ஒரே உயரத்துல இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு) எடுங்க. எல்லைக்கு அந்தப் பக்க ஏரியையும் சேர்த்துத்தான். தண்ணிக்கு ஆந்திரா, தமிழ்நாடு கிடையாது.

கணக்கு பாருங்க. 100 ஹெக்டேர் வயல்ல மணிக்கு 60 மி.மீ. மழை கொட்டினா, ஓடுகெழு (பெய்ற மழையில ஓடி வர்ற பங்கு) 0.3ன்னு வச்சா விநாடிக்கு 5 கன மீட்டர் வரும். அதே நிலத்துல வீடும் சிமென்ட் தரையும் வந்தா கெழு 0.7, தண்ணி 11.7 கன மீட்டர். லேஅவுட்காரங்க வழக்கமா வைக்கிற ஒரு மீட்டர் விட்டக் குழாய் ரெண்டும் சேர்ந்து விநாடிக்கு 3 கன மீட்டர் தாண்டாது. மிச்சம் தெருவுலதான் நிக்கும். ஐப்பசி, கார்த்திகையில பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணி ஆறும் நிறைஞ்சு ஓடினா, அந்த நேரத்துல வடியவும் இடமிருக்காது.

குடிநீர்: ஆளுக்கு 135 லிட்டர்னா நாளைக்கு 54 லட்சம், விடுறதுல 15 சதவீதம் கசியும்னா 63 லட்சத்துக்கு மேல விடணும். உங்க ஏரி முழுசா நிரம்பினாலும், ஆவியாதலை விட்டுட்டு, 89 நாள்தான். அதுவும் ஆயக்கட்டுக்கு ஒரு சொட்டுகூட விடாம. பக்கத்துல ஓடுற கண்டலேறு - பூண்டி கால்வாயைக் கணக்குல எழுதாதீங்க, அது சென்னைக்கான தண்ணி. நிலையான ஆதாரம் கைக்கு வராம 40,000ங்கிற எண்ணையே திட்டத்துல போடக்கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

அடங்கல்:
நிலத்தைப் பத்தி. ஹெக்டேருக்கு 100 பேர்னா 400 ஹெக்டேர், சுமார் 990 ஏக்கர். சர்வே எண் வாரியா அடங்கலும் (நிலம், பயிர் பதிவேடு) 1பி-யும் (உரிமையாளர் பதிவேடு) எடுத்து, பத்திரம் பதியத் தடை உள்ள நிலங்களோட 22ஏ பட்டியலோட ஒத்துப் பாருங்க. டிகேடி பட்டா, அதாவது அரசு ஏழைகளுக்கு ஒதுக்கின நிலத்துக்கு, கை மாத்துறதுல 1977 சட்டத்தோட கட்டுப்பாடு உண்டு. இதைத் தனி நிறத்துல காட்டாம மனை பிரிச்சா, பத்திரப்பதிவுலதான் சிக்கும்.

விலைக்கு வாங்க முடியலேன்னா நிலத்தொகுப்பு: உரிமையாளர்கள் நிலத்தைச் சேர்த்துக் கொடுத்துட்டு, பதிலுக்கு மனையா ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கிறது. அமராவதியில 2015-ல 29 கிராமங்கள்ல செஞ்சாங்க: மானாவாரி ஏக்கருக்கு 1,000 சதுர கெஜம் வீட்டுமனை, 250 கெஜம் வணிகமனை. ஒரு ஏக்கர்ங்கிற 4,840 சதுர கெஜத்துல அது கால்வாசிக்குக் கொஞ்சம் கூட. நிலமில்லாத குடும்பங்களுக்கு மாசம் 2,500 ரூபாய் உதவித்தொகையும் வச்சாங்க. அங்கே 2019க்கு அப்புறம் வேலை நின்னதும் மனை கையில இருந்தும் சாலை இல்லாத நிலை வந்துச்சு. அதனால சாலை, வடிகால் முடிச்சுட்டு மனையைக் கொடுங்க. குத்தகைக்காரரையும் கூலிக்காரரையும் விட்டுடாதீங்க, பயிர் நின்ன அன்னைக்கே அவங்க வருமானம் போயிடும்.

ஏரிக்கரை:
ரொம்ப நன்றிங்க. சாக்கடை? ஒரே சுத்திகரிப்பு நிலையம் போதும்னு வரைவுல இருக்கு.

கலங்கல்:
தட்டையான நிலத்துல அது மட்டும் போதாது. 150 மி.மீ. குழாய்க்கு ஆயிரம் மீட்டருக்கு 6 மீட்டர் சரிவு வேணும். ஒரு மீட்டர் ஆழத்துல ஆரம்பிச்சா கிலோமீட்டர் முடியும்போது 7 மீட்டர் பள்ளம். நிலத்தடி நீர் ஏறினா குழாய்க்குள்ள புகுந்திடும். ரெண்டு மூணு பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் நீரேற்று நிலையம் வைங்க. நாளைக்கு 43 லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் கலங்கலுக்குக் கீழே, வெள்ளம் ஏறாத மேட்டுல. ஏரியோட நீர்வரத்துப் பக்கம் கண்டிப்பா வேண்டாம்.